சேதி சொன்னவர் யார்?

(கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக வலைத்தளங்கள் மனிதக் கூட்டத்தை என்ன செய்கின்றன என்று பேசச் சொன்னீர்கள். ஒரு கொலையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2018 மே 9ஆம் தேதி. சென்னைக் குடும்பம் ஒன்று கோயிலுக்குப் போவதற்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் வந்தது. அத்திமூர் அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். காரில் இருந்த வயதான அம்மாள் ஒருவர், அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்த உறவினர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் மலைதான் கண்முன் வருகிறது. அறப்பளீசுவரரைக் கும்பிடவும் ஆகாய கங்கையில் குளிக்கவும் எத்தனை வண்டிகள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகின்றன! வழி தெரியாமல் நிறுத்திக் கேட்காத வண்டி உண்டா? பிள்ளைகளைக் கண்டால் பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்காத பாட்டி உண்டா? அத்திமூரில் அன்று நடந்ததில் மனிதர்கள் வழக்கமாகச் செய்யாத செயல் ஒன்றே ஒன்றுதான். அது அந்தக் கூட்டம் செய்தது.

அடித்தவர்கள் கொலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. உழைத்துச் சாப்பிடுகிற, பிள்ளை குட்டி பெற்ற மக்கள். அதற்கு முன்பே அந்த வட்டாரத்துச் செல்போன்களில் குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தன: வடக்கேயிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று. அதே ஆண்டு நாடெங்கும் ஒரு வீடியோ பரவியது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். படத்தின் கடைசியில் அதே ஆட்கள் திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த சில நொடிகள் பல உயிர்களைக் கேட்டன. அத்திமூர்க் கொலை நடந்த அதே நாளில் பழவேற்காட்டில் ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ரெயின்பாடா என்ற ஊரில், ஊர் ஊராகப் போய் யாசகம் பெற்று வாழும் நாடோடிச் சமூகத்தவர் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

இப்போது உங்கள் பழைய வழக்கத்துக்கு வருகிறேன். இந்த மலையில் சாலை இல்லாத காலத்தில் சேதி நடந்து வந்தது. சாவானாலும் நோம்பியானாலும் ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்புவார். வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நீயே பார்த்தாயா, யார் சொல்லி அனுப்பினார், எப்போது நடந்தது என்று கேட்பார்கள். சொன்னது தப்பென்றால் மறுநாள் அவரை எங்கே போய்க் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். சேதிக்கு ஓர் ஆள் இருந்தார். அவருக்கு ஊர் இருந்தது, பங்காளிகள் இருந்தார்கள், காப்பாற்ற வேண்டிய பெயர் இருந்தது.

வாட்ஸ்அப்பில் வருகிற சேதிக்கும் ஒரு பெயர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அக்காள் மகன் பெயர், மாமன் பெயர், கூடப் படித்தவன் பெயர். நம்மைச் சிக்கவைப்பது அதுதான். அக்காள் மகன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையில் அந்தக் குரல் பதிவைக் கேட்கிறோம். அதை அவன் சொல்லவில்லை. அவனுக்கு வந்ததை நமக்குத் தள்ளிவிட்டான். அவனுக்கு அனுப்பியவரும் அப்படித்தான். நம்பிக்கை நம் உறவுக்காரருடையது, சொல்லோ முகம் தெரியாத எவருடையதோ. சொந்தக்காரர்மேல் நாம் ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்த நம்பிக்கையை, யாரென்றே தெரியாத ஒருவர் எடுத்துச் செலவு செய்கிறார். சமூக வலைத்தளங்கள் பற்றி நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

கூட்டம் கூட்டமாக நம்புவது செல்போனோடு பிறந்த பழக்கமில்லை. 1995 செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் வரிசையில் நின்றது. இங்கே மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அன்று வாட்ஸ்அப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை. வீட்டுத் தொலைபேசியும் எஸ்.டி.டி. பூத்தும்தான். ஒரே நாளில் சேதி லண்டன் வரை போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடினால் நாமும் ஓடுவோம். காட்டில் யானை வந்த காலத்தில் அப்படி ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள். அந்தக் குணத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வந்திருப்பது வேறு: எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்ற எண்ணிக்கை இன்று நம் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை லட்சம் பார்வை, இத்தனை ஆயிரம் லைக்.

இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு பலம் என்று அளந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக் குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். ஒரு பகுதியினருக்குக் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரியாதவர்களிடையே நடுத்தர இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது. இன்னொரு கூட்டத்தில் அதே பாட்டு 40ஆவது இடத்தில் கிடந்தது. முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்களோ அதைப் பின்னால் வந்தவர்கள் தொட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். உங்கள் முடவாட்டுக்கால் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு சூப் வைப்பது இந்த மலையில் நெடுநாள் வழக்கம். யூடியூப்காரர்கள் வந்து ‘சைவ ஆட்டுக்கால் சூப்’ என்று படம் பிடித்தார்கள். மூட்டுவலி போயே போய்விடும் என்றார்கள். ஒரு வீடியோவுக்குப் பார்வை குவிந்ததும் அடுத்தவர் வந்தார். இன்று மலை ஏறுகிறவர்கள் சூப் குடிக்காமல் இறங்குவதில்லை. கீழே ஊர்களிலும் சாலையோரத்தில் அந்தக் கிழங்கைக் குவித்து வைத்து விற்கிறார்கள். இதனால் இங்கே எத்தனையோ பெண்களின் கையில் காசு புழங்குகிறது. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அது விதைத்து அறுக்கிற பயிரில்லை. பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பது. எடுத்த இடத்தில் மறுபடி எப்போது படரும் என்று வீடியோ எடுத்தவர் யாரும் கேட்கவில்லை. அவர்கள் திரையில் ஏறுகிற எண்ணிக்கை பார்வைகளின் எண்ணிக்கை. பாறையில் மிச்சமிருக்கும் கிழங்கின் எண்ணிக்கை அங்கே தெரியாது. அது தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

பக்கத்திலேயே சாமையையும் தினையையும் நிறுத்திப் பாருங்கள். மரவள்ளி வந்து சிறுதானிய நிலத்தைப் பிடித்துக்கொண்டபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் உழவர்களோடு சேர்ந்து பழைய சாமை, கேழ்வரகு விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டது. பல்லாண்டு உழைப்பு. அதில் ஒரு நிமிடப் படமாகச் சுருக்கிக் காட்ட எதுவும் இல்லை. அதனால் அது பரவவில்லை. மெதுவாக நடக்கும் நல்ல காரியத்துக்கு இந்தத் தளங்களில் இடம் மிகக் குறைவு. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘மர்ம மலை’, ‘போனவர் திரும்பாத குகை’ என்று கொல்லிமலை பற்றி எத்தனை படங்கள்! அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உங்களை என்ன கண்ணோடு பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் வங்கிக் கடனும் உங்கள் கவலையாக இருக்க, உங்களைச் சூனியக் கதையின் பாத்திரங்களாக ஆக்கிவிடுகிறார்கள். ஒரு சமூகத்தைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் படியும் சித்திரத்தை இன்று வரைகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சமூகத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவர்கள்.

எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நிறுவனங்கள் எழுதிவைத்த கணக்கு முடிவு செய்கிறது. ஃபேஸ்புக்கில் லைக்கோடு சிரிப்பு, வியப்பு, கோபம் முதலிய முகக்குறிகளும் உண்டு. 2017இலிருந்து அந்த நிறுவனம் ஒரு லைக்கைவிட ஒரு கோபக் குறிக்கு ஐந்து மடங்கு எடை போட்டது. மக்களுக்குக் கோபம் வரவைக்கும் பதிவு இன்னும் பல பேர் கண்ணில் பட்டது. இது 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களால் உலகத்துக்குத் தெரிந்தது. கோபத்தின் எடையை 2020 செப்டம்பரில்தான் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வீடுகளில், தெருக்களில் மூண்ட சண்டைகளில் எத்தனைக்கு அந்தக் கணக்கு எண்ணெய் ஊற்றியதோ!

ஆனாலும் எல்லாப் பழியையும் கணக்கின் தலையில் கட்டிவிட முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 சேதிகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடையப் பொய்க்கு ஆனதைப்போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. தானியங்கி நிரல்கள் பரப்பியதை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய் புதிதாக இருக்கிறது, வியப்பாக இருக்கிறது, ஆகவே மனிதர்களே அதைத் தள்ளிவிடுகிறார்கள். 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழியாலும் முட்டையாலும் கொரோனா பரவுகிறது என்ற புரளி கிளம்பி உங்கள் நாமக்கல் மாவட்டத்துப் பண்ணைகளைப் புரட்டிப் போட்டதே, அதைத் தள்ளிவிட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டாரின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்ட நல்ல மனிதர்கள்தான். இலங்கையில் 2018 பிப்ரவரியில் அம்பாறையில் உணவக உணவில் கிடந்த ஒரு துண்டை மலட்டு மாத்திரை என்றார்கள். சோதித்தபோது அது மாவுக் கட்டி. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகன என்ற ஊர் கலவரத்தில் பற்றி எரிந்தது. தங்கள் தளம் அதில் வகித்த பங்குக்கு ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

இவ்வளவு சொன்ன பிறகு செல்போனைத் தூக்கி ஆகாய கங்கையில் எறியச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் வட கடற்கரை மீனவர்களிடம் 1997க்கும் 2001க்கும் இடையே செல்போன் வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். எந்தத் துறையில் வாங்க ஆள் இருக்கிறது என்று கடலிலிருந்தே கேட்டுக்கொண்டார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறத்தாழ நின்றே போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவையும் அன்னாசியையும் கொண்டுபோகிறவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மொட்டை மாடிகளில் சிக்கியவர்களுக்குப் படகும் பாலும் போய்ச் சேர்ந்ததிலும் இந்தத் தளங்களின் பங்கு பெரியது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டத்தை மறக்க முடியுமா? 17ஆம் தேதி சேர்ந்தவர்கள் 23ஆம் தேதி வரை இருந்தார்கள். தலைவர் இல்லை, கட்சி இல்லை. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் கூட்டிய கூட்டம். குப்பையைத் தாங்களே அள்ளினார்கள், இரவில் பெண்கள் அச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் என்றாலே கும்பல் என்று சொல்கிறவர்களுக்கு அந்த நாட்களே பதில். ஆனால் 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்ததும், ஏற்றுக் கலைவதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை இருப்பதா என்று எல்லோர் சார்பிலும் சொல்ல ஆளில்லை. கடைசி நாள் தடியடியிலும் தீயிலும் முடிந்தது. ஜெய்னெப் துஃபெக்சி என்ற துருக்கிய அறிஞர் இதே நிலையை இஸ்தான்புல்லிலும் கெய்ரோவிலும் பார்த்து எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் பெருங்கூட்டம் கூட்ட ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடக்க வேண்டும். அந்த நடையில் யாரை நம்பலாம், யார் பேச்சுக்குக் கட்டுப்படலாம் என்பது தெரிந்துவிடும். இன்று கூட்டம் முதலில் வந்துவிடுகிறது. ஒருவரையொருவர் அறியும் வேலை அதற்குப் பின்னால் கிடக்கிறது.

இனி உங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் தப்பாகப் பேசினால் பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாய் திறக்கவே வேண்டாம், பேசியவருக்குப் புரிந்துவிடும். குரூப்பில் அந்த முகம் இல்லை. 200 பேர் இருக்கும் குரூப்பில் ஐந்து பேர் மட்டும் பேசுகிறார்கள். மற்ற 195 பேர் பேசாமலிருப்பது எதிர்ப்பா, ஒப்புதலா, காட்டில் வேலையா, தெரியாது. பேசுகிற ஐவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். மெல்ல மெல்ல அந்த ஐந்து பேர் எண்ணமே ஊரின் எண்ணமாக வெளியே தெரிகிறது.

பழைய ஊர்க்கூட்டத்தை நான் புனிதமாக்கவில்லை. அங்கே பெண்கள் ஓரமாக நின்று கேட்டார்கள், முடிவு ஆண்கள் எடுத்தார்கள். ஊரை மீறியவரைத் தள்ளிவைத்தார்கள். இன்று கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி குரூப்பில் ‘இது சரியில்லை பெரியப்பா’ என்று எழுத முடிகிறதென்றால், அது இந்தக் கருவி தந்த இடம். அந்த ஒரு வரிக்கு என்ன வலிமை என்று சொல்கிறேன். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் செய்த சோதனை இது. அட்டையில் மூன்று கோடுகள். எது இன்னொரு கோட்டின் அளவுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் முன்னால் உட்கார்ந்த எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, தப்பான கோட்டைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான கோட்டைச் சொல்ல வைத்தபோது, தப்பாகச் சொன்னது கால் பங்காகக் குறைந்தது. ஒரே ஒரு குரல்தான். சோதனைக்கு வந்தவர் தம் கண்ணுக்குத் தெரிவதை நம்ப அது போதுமானதாக இருந்தது. அத்திமூரில் அன்று அப்படி ஒரு குரல் உரக்க எழுந்திருந்தால், அந்த அம்மாள் பிழைத்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

அரசும் நிறுவனங்களும் சில வேலிகள் போட்டன. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்ற புரளியால் பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறியபோது, குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பத் தற்காலிகமாகத் தடை வந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த சேதியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும் என்று ஆக்கியது. வேலி வேகத்தைக் குறைக்கும். சொன்னவர் யார் என்ற கேள்விக்கு அது பதில் தராது.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த ஒரு சம்பவம் 2023 மார்ச்சில் நம் மாநிலத்தில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களின் ரயில் நெரிசலைக்கூடத் தப்பி ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள். தமிழ்நாடு காவல் துறை உதவி எண்களைத் திறந்தது. அதிகாரிகள் இந்தியில் பேசி வீடியோ வெளியிட்டார்கள், தொழிலாளர் தங்கும் இடங்களுக்கே போனார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்குப் போய்த் தொழிலாளர்களிடம் நேரில் கேட்டுவிட்டு, திருப்தி என்று சொன்னார்கள். பெயரும் பதவியும் உள்ள மனிதர்கள் போய்ப் பார்த்து, தங்கள் வாயால் சொன்னார்கள். பதற்றம் தணிந்தது.

இங்கே இதைச் செய்ய எந்த அதிகாரியும் வர வேண்டியதில்லை. உங்கள் ஊர்கள் சிறியவை. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பேரை வையுங்கள். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். பிள்ளை பிடிப்பவர், நோய், சாதிச் சண்டை என்று எந்தப் பதற்றமான சேதி வந்தாலும், அந்த இருவரில் ஒருவர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரைச் சொல்லிக் குரூப்பில் எழுதும்வரை வேறு யாரும் அதைத் தள்ளிவிடுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். சேதி பொய்யென்று தெரிந்தால், அனுப்பியவரைத் திட்டாமல், ‘விசாரித்தேன், இல்லையாம்’ என்று எழுதினால் போதும். திட்டுக்குப் பயந்தவர் அடுத்த தடவை விசாரிக்கச் சொல்லிக் கேட்கமாட்டார். வெளியூர் வண்டி நின்று யாராவது வழி கேட்டால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து போய் முதலில் பேசட்டும்.

அந்த இருவர் யார் யார் என்று இப்போதே பேசலாம். தாய்மார்கள் முதலில் பெயர் சொல்லுங்கள்.